பத்துப் பிள்ளை வீட்டுப் பாடம்

எட்டாம் மாசம் பிறந்த கையோடு வெள்ளையம்மாளைப் பெங்களூர் கொண்டுபோய்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று ஓசூர் லேடி டாக்டர் சொன்னார். பிரசவம் ஆகிற வரைக்கும் அங்கேயே படுக்கையில் கிடக்க வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வலி எடுத்து ரத்தம் போக ஆரம்பித்தால் இங்கே நிறுத்த ஆளில்லை.

"முந்தி ரெண்டு தடவை பிள்ளையோட போச்சு. இந்தத் தடவை அப்படி இருக்காது. தாயும் போயிடுவா" என்றார் டாக்டர். வார்த்தைக்கு வெல்லம் தடவிப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ராஜப்பன் தலையை ஆட்டினான். வெள்ளையம்மாள் அசையவில்லை. ஜட்கா வண்டி ஊரைத் தாண்டிப் பண்ணைச் சாலையில் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நான் போவலீங்க."

"டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துச்சா இல்லியா?"

"வுழுந்துச்சு. நான் போய்ப் படுத்துக்கிட்டா நாகுவுக்கு ஆரு சோறு போடுவா?"



நாகம்மா என்கிற நாகுவுக்கு ஆறு வயது. அவளுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் தங்காமல் போன வீட்டில் தங்கிய ஒரே பிள்ளை. அம்மா பிசைந்து, அம்மா உருட்டி, அம்மா கையால் ஊட்டினால்தான் வாய் திறப்பாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்தால்தான் தூங்குவாள். ஒரு தடவை பாகலூரில் ராஜப்பனின் அண்ணி மங்கம்மா வீட்டில் விட்டுப் பார்த்தார்கள். அண்ணி தங்கமானவள், கெஞ்சினாள், கொஞ்சினாள், கதை சொன்னாள். நாகு தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. காய்ச்சலோடு மாட்டுவண்டியில் திரும்பி வந்தாள். வெள்ளையம்மாளின் சித்தி ஒருத்தி அல்சூரில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து கூட இருக்கிறேன் என்றாள். ஆனால் பிரசவ வார்டில் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள்.

வண்டி பண்ணை வாசலில் நின்றபோது ராஜப்பன் சொன்னான்: "நாளு இருக்குது. அதுக்குள்ள அவளாத் தின்னப் பழக்கிடலாம். அங்க நான் பாத்தனே, பத்துப் பிள்ளை. ஒருத்தருக்கும் ஆரும் ஊட்டினதில்ல."

வெள்ளையம்மாள் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினாள். "ஆரம்பிச்சிட்டீங்களா உங்க பத்துப் பிள்ளையை" என்றாள்.

அந்தப் பத்துப் பிள்ளை பண்ணை முழுவதும் பிரசித்தம்.

ராஜப்பன் ஓசூருக்குப் பக்கத்தில் சர்க்கார் மாட்டுப் பண்ணையில் மேஸ்திரி உத்தியோகம் பார்த்தான். பாகலூரில் நிலபுலம் உள்ள குடும்பம். பத்தாவது வரை படித்தவன். கன்றுகள் சாகாமல் வளர்ப்பதில் கைராசிக்காரன் என்று பெயர். கொழும்புத் திட்டம் என்கிற வெளிநாட்டுப் பயிற்சி ஏற்பாட்டில் நியூசிலாந்துக்கு ஆள் அனுப்பியபோது, அந்தப் பெயர்தான் அவனைக் கப்பலேற்றியது. வருஷம் ஒன்று, கேலகர் என்பவரின் பால்பண்ணை வீட்டில் தங்கி வேலை பழகினான். போன தீபாவளிக்கு முன்னால் திரும்பினான். கறவை இயந்திரத்தைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். கேலகர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்காமலே ஆரம்பிப்பான்.

பெரியவனுக்குப் பதினேழு, கடைசி கைக்குழந்தை. பத்துப் பேருக்கும் ஒரே நீள மேஜை. சாப்பாட்டு வேளையில் சத்தம் சந்தைக்கடையாக இருக்கும். ஆனால் அந்த அம்மாள் குரலை உயர்த்தி அவன் கேட்டதில்லை. "சாப்பிடு" என்று ஒரு தடவை சொல்லித் தட்டை வைப்பாள். மேஜையைத் துடைக்கும் நேரம் வந்தால், தட்டில் எது இருந்தாலும் தட்டு போய்விடும். எவனும் எவளும் அதற்காக அழுததில்லை. வீட்டில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேளையும் யுத்தம் நடத்துகிற ராஜப்பனுக்கு அது மாயாஜாலமாகப் பட்டது.

மாயாஜாலத்தை அவன் அடுத்த நாளே வீட்டில் செய்து பார்த்தான்.

"வட்டில்ல போட்டு வையி. ஒரு தடவை சொல்லு. தின்னாத் தின்னட்டும், இல்லாட்டி எடுத்துடு. ரெண்டாந்தடவை கூப்பிடக் கூடாது. மூஞ்சிய பாக்கக் கூடாது."

"பசிச்சு மயங்கிட்டா?"

"மயங்க மாட்டா. பசி வந்தா கை தானா வரும். அங்கல்லாம் அப்பிடித்தான்."

வெள்ளையம்மாள் வைத்தாள். நாகு வட்டிலைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். கை வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள். வட்டில் உள்ளே போயிற்று. ராத்திரிச் சாப்பாடும் அப்படியே போயிற்று. மறுநாள் காலையில் பாலைக் கூடத் தள்ளிவிட்டாள். அழுதிருந்தால் கூட ராஜப்பனுக்குத் தைரியமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அவன் கன்றுக்கொட்டிலிலிருந்து வந்தபோது, வெள்ளையம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பால்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"கெடுத்துட்டியே! இன்னும் ஒரு வேளை பொறுத்திருந்தா..."

"பொறுத்திருந்தா இன்னா? வாந்தி எடுத்துச்சு, வெறும் மஞ்சத் தண்ணி. பாத்தீங்களா நீங்க? கன்னுக்குட்டிக்குக் கழிச்சலுன்னா சாமத்துலயும் எழுந்து ஓடறீங்க. பெத்ததைப் பட்டினி போட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்க."

"அந்தம்மா பத்து வளத்தவ. அவளுக்குத் தெரியாதா?"

"பத்து வெச்சிருக்கிறவ ஒண்ணு ஒரு வேளை தின்னலன்னா இன்னும் ஒம்பது தின்னுச்சேன்னு இருப்பா. எனக்கு ஒம்பது எங்க இருக்குது? காட்டுங்க பாக்கலாம்!"

ராஜப்பன் தலைப்பாகையை அவிழ்த்து ஆணியில் மாட்டினான்.

"முடிவாச் சொல்றன், கேட்டுக்கோங்க" என்றாள் வெள்ளையம்மாள். "நான் பெங்களூரு போவல. வர்றது வரட்டும். இங்கயே பெத்துக்கறன். செத்தாலும் இதுக்கு ஊட்டிட்டே சாவறன்."

சொன்ன மூன்றாம் நாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கப்போன இடத்தில் அவளுக்கு ரத்தம் கண்டது. அதிகம் இல்லை. லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். ராஜப்பனை வெளியே கூப்பிட்டு, "இது முன்னறிவிப்பு. அடுத்தது எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டேன், கட்டில் தர்றாங்க. கூட்டிட்டுப் போகலன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ராஜப்பன்தான் சமைத்தான். நாகு கட்டிலின் மேல் ஏறி அம்மாவின் வயிற்றில் சாய்ந்துகொண்டு வாயைத் திறப்பாள். படுத்தபடியே வெள்ளையம்மாள் ஊட்டுவாள். அந்தச் சின்ன உடம்பின் பாரம் கூட இப்போது ஆகாது என்று மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம், ஊட்டி முடித்துக் கையைத் துணியில் துடைத்தபடி வெள்ளையம்மாள் கேட்டாள். கேலியாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அந்தம்மா எப்பிடித்தான் அத்தனைக்கும் ஊட்டுனா? கடைக்குட்டிங்க இருக்கும் இல்ல, ரெண்டு வயசு, மூணு வயசு. அதுங்க தானாவா தின்னும்?"

ராஜப்பன் யோசித்தான். அந்த மேஜையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தான். ஒரு கோடியில் கேலகர் ரொட்டி அறுப்பார். மறு கோடியில் அந்த அம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டியிலிருந்து பரிமாறுவாள். நடுவில் பிள்ளைகள். இரண்டு வயதுப் பையனின் கழுத்தில் துண்டைக் கட்டியது யார்?

"அந்தம்மா ஊட்டி நான் பாத்ததே இல்ல" என்றான் மெதுவாக.

"அப்ப ஆரு ஊட்டுனா? மேல இருந்து சாமி எறங்கி வந்துச்சா?"

"பிள்ளைங்கதான். அதுங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. ஆறு ஏழு வயசு ஆயிட்டா அதுக்குக் கீழ இருக்கிற ஒண்ணு அதோட பொறுப்பு. துண்டு கட்டறது, தின்ன வெக்கறது, கால் கழுவி வுடறது எல்லாம். பெரியவன் பன்னண்டு வயசுக்காரனைப் பாத்துப்பான், பன்னண்டு வயசுக்காரன் எட்டு வயசை..." ராஜப்பன் நிறுத்தினான். அவன் முகத்தில் அகப்பட்ட திருடனின் களை வந்தது. "என்னையும் ஒருத்தி பாத்துக்கிட்டா."

"ஆரு?"

"நோரான்னு. எட்டு வயசு."

வெள்ளையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் கண்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். "எட்டு வயசுப் பொண்ணு உங்களை வளத்துச்சா?"

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியாகவும் இல்லை. போய் இறங்கிய அன்றைக்கே கேலகர் நோராவைக் கூப்பிட்டு, "இவர் உன் ஆள்" என்று ஒப்படைத்துவிட்டார். முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸை எப்படிக் கழற்றுவது, குளிருக்கு எத்தனை கம்பளி, தின்ற தட்டைத் தானே கழுவி எங்கே கவிழ்க்க வேண்டும், எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் காட்டிக்கொடுத்தாள். இவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்கமாட்டாள். முன்னால் நின்று தான் ஒரு தடவை செய்வாள். பிறகு இவன் பக்கம் திரும்பாமல் போய்விடுவாள். இவன் மாட்டுக்கறி தின்னமாட்டான் என்று தெரிந்த பிறகு, பரிமாறும்போது இவன் தட்டின் மேல் கையை விரித்துக் காவல் இருப்பாள். தன் தட்டைத் தானே கழுவி அறியாத பாகலூர் வீட்டுப் பிள்ளை, முதல் வாரத்திலேயே கழுவினான். கேலகர் சொல்லியிருந்தால் மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கும். அவள் கழுவினாள், அவனும் பக்கத்தில் நின்று கழுவினான். அவ்வளவுதான்.

"அதாங்க சங்கதி" என்றாள் வெள்ளையம்மாள். "அந்தம்மா தட்டை எடுத்ததையே பாத்துட்டு வந்திருக்கீங்க. தட்டைச் சுத்தி உக்காந்திருந்ததைப் பாக்கல."

"நம்ம வூட்ல சுத்தி ஆரு இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே, பண்ணைக் கூலியாட்களின் வரிசை வீடுகள் பக்கமிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. தினமும் கேட்கிற கூச்சல்தான்.

ராஜப்பன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள்.

வரிசை வீட்டில் இருந்த ஆஞ்சப்பன், ராஜப்பனுக்குக் கீழே சாணி அள்ளித் தீவனம் போடுகிற ஆள். ஏழு பிள்ளைகள். தலைமுறை தலைமுறையாகப் பாகலூர்ப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு உழைத்த குடும்பம். இப்போது சர்க்கார் சம்பளம். வீட்டுக்குள் கன்னடமும் வெளியே தமிழும் பேசுவார்கள். ராஜப்பன் வீட்டு வாசல்படிக்கு இந்தப் பக்கம் அவர்கள் வந்ததில்லை. வரிசை வீடுகளின் கொல்லைக்கு அந்தப் பக்கம் ராஜப்பன் போனதில்லை. கேலகர் மேஜையில் வருஷம் முழுக்க யார் யாரோடோ உட்கார்ந்து தின்றவன்தான். ஓசூரில் இறங்கியதும் பழைய வரப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவனும் தாண்டாமல் நடந்தான்.

மறுநாள் அந்த வரப்பைத் தாண்டினான். ஆஞ்சப்பன் பதறி எழுந்தான்.

"ஐயா, சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பனே! மாட்டுக்கு ஏதாச்சும்..."

"மாட்டுக்கு ஒண்ணுமில்ல. உன் பொண்ணு சாந்தம்மாவைப் பகல்ல எங்க வூட்டுக்கு அனுப்புவியான்னு கேக்க வந்தன்."

"வேலைக்கா?"

"வேலைக்கு இல்ல. நாகுவோட இருக்கறதுக்கு. அவ தானாத் தின்னணும்."

ஆஞ்சப்பன் தலையைச் சொறிந்தான். "எங்க வூட்ல தின்னாதேன்னு சொல்றதுதாங்க ஐயா பெரிய பாடு. தின்ன வெக்கிறது எப்பிடின்னு எங்களுக்கு எங்க தெரியும்?"

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி சென்னம்மா வந்தாள். சிரிக்கவில்லை. "வேணாங்கய்யா. உங்க வூட்டுப் பாப்பாவுக்கு நாளைக்கு ஒரு தலவலி வந்தாலும் இந்தப் பொண்ணு கை பட்டுதுன்னு பேர் வரும். பாகலூர்ல எங்க சனம் இன்னும் உங்க நெலத்துலதான் இருக்குது. எங்களுக்கு எதுக்குங்கய்யா பழி?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னான். வெள்ளையம்மாளுக்கு ரத்தம் கண்டதையும், டாக்டர் சொன்னதையும், அவள் போகமாட்டேன் என்று கிடப்பதையும்.

சென்னம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "வாசலோட நிக்கட்டும்" என்றாள். "உங்க வட்டில், உங்க சோறு. எம்பொண்ணு தொடாது. வெறுமனே பக்கத்துல உக்காரும்."

வெள்ளையம்மாளும் அதே நிபந்தனையைச் சொல்லித்தான் சம்மதித்தாள். வார்த்தை கூட மாறவில்லை.

சாந்தம்மாவுக்கு ஒன்பது வயது. மறுநாள் காலையில், இடுப்பில் தம்பியையும் தலையில் கூடையையும் வைத்துக்கொண்டு வந்தாள். தம்பியின் பெயர் மதுரைவீரன். ஒன்றரை வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அரைஞாண் கயிற்றைத் தவிர மேலே வேறொன்றும் இல்லை. பெயருக்குத் தகுந்த வீரம் மண் தின்பதில் மட்டும் தெரிந்தது.

நாகு வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வட்டிலில் பருப்புச் சோறு. ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்ட கட்டிலில் வெள்ளையம்மாள் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாந்தம்மா நாகுவின் வட்டிலைப் பார்க்கவில்லை. "சாப்பிடு" என்று சொல்லவில்லை. தம்பியை இறக்கி நாகுவின் பக்கத்தில் வைத்தாள்.

"நான் வறட்டி தட்டணும். இவனைப் பாத்துக்கோ. மண்ணு தின்ன வுடாத. தின்னான், ஒன்னத்தான் கேப்பன்."

"எனக்குத் தெரியாது" என்றாள் நாகு.

"இன்னா தெரியாது? கைய புடிச்சுக்கோ. அதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாகு கையைப் பிடித்தாள். மதுரைவீரன் மற்றக் கையால் மண்ணை எடுத்தான். நாகு அந்தக் கையையும் பிடித்தாள். அவன் குனிந்து நேராக வாயையே மண்ணுக்குக் கொண்டுபோனான். ஜன்னலில் வெள்ளையம்மாள் எழப்போனவள், டாக்டரை நினைத்துப் படுத்தாள்.

"வேணாம்டா! கக்கா! அம்மா, இவன் கேக்க மாட்டேங்கறான்!"

உள்ளேயிருந்து பதில் இல்லை. நாகு சுற்றிப் பார்த்தாள். வட்டிலில் இருந்து ஒரு வாய்ச் சோற்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள். மண்ணை மறந்து அவன் மென்றான். மென்று முடித்து, மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு அவள் கையைப் பார்த்தான். இன்னொரு வாய் கொடுத்தாள். இன்னொன்று. அவன் வாய் நிறைந்திருக்கும்போது கையில் மிச்சம் ஒட்டியிருந்த பருக்கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று மதுரைவீரன் முக்கால் வட்டில் தின்றான். நாகு கால் வட்டில். அடுத்த நாள் அவன் வட்டிலை இழுத்தபோது அவளும் இழுத்தாள். "எல்லாத்தையும் நீயே தின்னா எனக்கு?" என்று அவள் கத்தியதைக் கேட்டு வெள்ளையம்மாள் தலையணையில் வாயை வைத்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த ராஜப்பனுக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் போட்ட நிபந்தனை வாசலோடு நின்றது. பிள்ளைகள் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் நாகு, மதுரைவீரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இடுப்பு கோணிப்போய், சாந்தம்மாவின் பின்னால் வரிசை வீடுகள் பக்கம் போக ஆரம்பித்தாள். ராஜப்பனுக்கு அது தெரியும். மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. பகலெல்லாம் ஓடிய அலுப்பில், நாகு ராத்திரி முந்தானையைத் தேடாமலே தூங்கிப்போனாள்.

ஒரு மத்தியானம் நாகு திரும்பி வரவில்லை. வட்டிலில் போட்ட சோறு ஈ மொய்த்துக் கிடந்தது. வெள்ளையம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். ராஜப்பன் தேடிப் போகச் செருப்பை மாட்டியபோது, சென்னம்மா அவசர அவசரமாக வந்து வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அம்மா, எங்க மேல தப்பில்லம்மா. நான் ராகி அரைக்க மிஷினுக்குப் போயிருந்தன். வந்து பாக்கறன், எல்லாம் வட்டமா உக்காந்து களி தின்னுதுங்க. நடுவுல உங்க பாப்பா. நான் எழுப்பப் பாத்தன், எழுந்திரிக்கல. நீங்க வேற ஆரு வாயாலயாச்சும் கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிடணும்னு ஓடி வந்தன்."

ராஜப்பன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் வரவில்லை. வெள்ளையம்மாள் பிறந்த வீட்டின் ஆசாரம் அவனுக்குத் தெரியும். கூலிக்காரர் வீட்டுத் தண்ணீர் பட்ட குடத்தை அவள் அப்பா கல்லில் போட்டு உடைத்ததை அவளே சொல்லியிருக்கிறாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு தின்னா?"

சென்னம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "ஆங்?"

"எம்பொண்ணு. எவ்வளவு தின்னா?"

"ஒரு உருண்டைம்மா. முழுசா."

"அவளுக்குக் களி முழுங்கத் தெரியாதே. தொண்டையில சிக்கிக்கும்."

"சாந்தம்மாதான் சொல்லிக்குடுத்துச்சு. மெல்லாத, கிள்ளி, கொழம்புல தோச்சு, அப்பிடியே வுடுன்னு. மொதல்ல ரெண்டு தரம் வெளிய வந்துடுச்சு. எல்லாம் சிரிச்சுதுங்க. கோவத்துல மூணாவது தரம் முழுங்கிடுச்சு."

"கொழம்பு இன்னா?"

"கொள்ளுக் கடைசல்மா."

"காரம்?"

"கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆனா எழுந்திரிக்கல."

கட்டில் கிறீச்சிட்டது. வெள்ளையம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். சென்னம்மாவை நேராகப் பார்த்தாள்.

"பாகலூர்ல ஆருக்கும் தெரிய வேணாம்" என்றாள்.

"நாங்க எதுக்கும்மா சொல்றோம்? சொன்னா உங்களுக்கு மட்டுமா வம்பு?"

"சரி. காரம் மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடு."

சென்னம்மா போனாள். வெள்ளையம்மாள் படுத்துக்கொண்டு கூரை ஓட்டைப் பார்த்தாள். ராஜப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். "உங்க நியூசிலாந்தையும் இழுக்காதீங்க. காருக்குச் சொல்லுங்க, போலாம்."

பெங்களூரில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களை அந்தரத்தில் தொங்கவிடுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாசத்துக்கு மேல் கிடந்த பிறகு, ஒரு விடியற்காலை ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பையன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஓசூரில் இருந்திருந்தால் இரண்டு பாடை கட்டியிருக்க வேண்டும் என்று லேடி டாக்டர், வெல்லம் தடவாமல், பிற்பாடு சொன்னார்.

ஆனால் வெள்ளையம்மாளைக் கேட்டால், எல்லாவற்றிலும் கஷ்டமானது ஓசூரை விட்டுக் கிளம்பிய காலைதான் என்பாள்.

பஸ் குலுக்கும் என்று வாடகைக் கார் ஏற்பாடு செய்திருந்தான் ராஜப்பன். அவளைச் சேர்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவான், அதுவரை நாகுவைச் சென்னம்மா பார்த்துக்கொள்வாள். பின் ஸீட்டில் மெத்தை மடித்துப் போட்டிருந்தது. வழிக்குப் புளிச்சோறு கட்டித் தூக்குப்பாத்திரத்தில் வைத்திருந்தான். வெள்ளையம்மாள் காரில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். இரண்டு நாளாக மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தாள்: நாகு அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள், எப்படிப் பிரித்து எடுப்பது, என்ன சொல்லிச் சமாதானம் செய்வது.

"நாகு! அம்மா கெளம்பறன் பாரு, வா!"

நாகு வேப்பமரத்தடியில் இருந்தாள். அவள் தோளில் மதுரைவீரன் தலை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"கத்தாதம்மா! இப்பத்தான் கண்ணை மூடறான்."

"நான் பெங்களூரு போறன்டி. வர நாளாகும்."

"தெரியும், அப்பா சொல்லுச்சு" என்றாள் நாகு கிசுகிசுப்பாக. பிறகு, அம்மா ஏன் இன்னும் கிளம்பவில்லை என்பது போலப் பார்த்தாள். சாந்தம்மா பக்கத்தில் நின்று, "முதுகைத் தட்டு, நிறுத்தாத" என்றாள். நாகு தட்டினாள்.

கார் கிளம்பியது. மூக்கண்டப்பள்ளி தாண்டியதும் வெள்ளையம்மாள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. முன் ஸீட்டிலிருந்து ராஜப்பன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா? வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"ஒரு சொட்டு கண்ணீர் வுடல பாத்தீங்களா? ஆறு வருசம். ஒரு வேளை வுட்டதில்ல. போயிட்டு வான்னு கூடச் சொல்லல."

"அவ அழுவாம இருக்கணும்னுதானே இத்தனை பாடும்?"

"எனக்குத் தெரியாதா அது? நான் அழுவறதுக்கும் கேலகரம்மாவைக் கேக்கணுமா? பேசாம வாங்க."

டிரைவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அத்திப்பள்ளி வந்தது, கன்னட எழுத்துப் பலகைகள் வந்தன. பிறகு வெள்ளையம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள்.

டிரைவர் ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்தினார். ராஜப்பன் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து மடியில் வைத்தான். அவள் சோற்றைக் கிளறினாள். மிளகாயை ஒதுக்கினாள். பழகிய கை, அவளைக் கேட்காமலே, சின்னதாக, ஆறு வயது வாய்க்குத் தகுந்த மாதிரி ஒரு உருண்டையை உருட்டிவிட்டது. அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்ததைப் பெரிதாக எடுத்தாள்.